வீட்டு மிருகங்களிற் படர்தாமரை நோய்

முன்னுரை

மாரி மழை ஓய்ந்து, தை மாதத்திற் காலபோக நெல் அறுவடைக்கு முற்றிவரும் நாட்களிற் பல கமக்காரரின் மாட்டுக் கொட்டில்களில் ஒரே காட்சியைக் காணலாம். மழைக்காலம் முழுவதும் ஒடுங்கிய கொட்டிலிற் கட்டப்பட்டிருந்த கன்றுகளை வெளியே அவிழ்த்து விடும்போது, அவற்றின் கண்களைச் சுற்றியும் செவிகளிலும் கழுத்திலும் மயிர் உதிர்ந்து, சாம்பல் பூசியது போன்ற வட்டங்கள் தென்படும். இதுவே படர்தாமரை என வழங்கும் தோல் நோயாகும்.

“கன்றுக்கு வந்தது தானே மாறிவிடும்” என்று கூறிப் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. இக்கூற்றிற் பாதி உண்மையுண்டு. நல்ல தீனியும் வெயிலும் பெறும் கன்றில் இந்நோய் சில மாதங்களிற் பெரும்பாலும் தானே மாறிவிடுகின்றது. ஆனால் மற்றப் பாதியை நாம் மறந்துவிடுகின்றோம். கன்றில் மாறிய நோய் கொட்டிலில் மாறுவதில்லை. அடுத்த ஆண்டு பிறக்கப்போகும் கன்றுக்காகவும், பால் கறக்கும் கைக்காகவும், கன்றைக் கட்டியணைத்து விளையாடும் பிள்ளையின் தலைக்காகவும் அது அங்கேயே தங்கியிருக்கின்றது. ஆகவே படர்தாமரையை ஒழிக்க விரும்பும் கமக்காரர் கன்றுக்கு மட்டுமன்றிக் கொட்டிலுக்கும் சிகிச்சை செய்தல் வேண்டும். இதனை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

நோயின் காரணம்

ஆங்கிலேயர் இந்நோயை வளையப் புழு எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். ஆயினும் புழு எதுவும் இதற்குக் காரணமன்று. இரத்தங் கெட்டதனால் இது உண்டாகின்றது என்று சிலர் எண்ணுவதும் பிழையாகும். பாரிசு நகரில் வாழ்ந்த குருபி என்னும் வைத்தியர், மனிதரின் தலைத்தோலில் உண்டாகும் இவ்வகை நோயொன்று பங்கசினால் ஏற்படுகின்றது என்பதை 1841ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார்.

பங்கசு என்பது கமக்காரருக்குப் புதிய சொல்லன்று. நெற்பயிரில் எரிபந்த நோயை உண்டாக்குவது ஒரு பங்கசு. மிளகாய்ப் பழத்தை அழுகச் செய்வதும் ஒரு பங்கசு. ஆனால் பயிரைத் தாக்கும் பங்கசு வேறு. மிருகத்தின் தோலைத் தாக்கும் பங்கசு வேறு. படர்தாமரைப் பங்கசுகள் மயிர், நகம், தோலின் வெளிப்படை ஆகியவற்றிலுள்ள கெரற்றின் என்னும் புரதத்தை உண்டு வாழ்வன. இவை உயிருள்ள தசையினுள் பெரும்பாலும் இறங்குவதில்லை. மயிரின் அடியைப் பற்றி அதனைப் பலமிழக்கச் செய்வதால், மயிர் தோலுக்குச் சற்று மேலாக முறிந்து விழுகின்றது. தோல் அழற்சியுற்று, செதில்களும் கசிந்த நீரும் சேர்ந்து பொருக்காக உறைகின்றன. நடுவில் அழற்சி மிகும்போது பங்கசு அங்கு வாழ இயலாது புறத்தே நகர்கின்றது. இதனாலேயே நோய் நடுவில் ஆறி, ஓரத்திற் படர்ந்து, வட்ட வடிவம் பெறுகின்றது.

மாடுகளில் இந்நோயைப் பெரிதும் உண்டாக்குவது திரைக்கோபைற்றன் வெரூக்கோசம் என்னும் பங்கசாகும். பூனையிலும் நாயிலும் மைக்குரோசுபோரம் கானிசு என்னும் பங்கசு முக்கியமானது. எலிகள் சுமந்து திரியும் இனமொன்றும், மண்ணில் இயல்பாக வாழும் இனமொன்றும் உண்டு. எனவே ஒரு வளவில் நோய் தோன்றினால் மாட்டை மட்டும் பாராது, பூனை, நாய், எலி ஆகியவற்றையும் கவனித்தல் நன்று.

நோய் பரவும் விதம்

பங்கசின் வித்திகள் கண்ணுக்குப் புலனாகாதவை. முறிந்த மயிரிலும் உதிர்ந்த பொருக்கிலும் இவை எண்ணிறந்தனவாக நிறைந்திருக்கும். நோயுற்ற மிருகத்தோடு உராய்தலால் மற்றைய மிருகத்தை இவை நேரே அடைகின்றன. மிருகம் இல்லாமலே பின்வரும் பொருள்கள் மூலமும் அவை பரவும்:

1. கழுத்துக் கயிறு, மூக்கணாங்கயிறு, நுகத்தடி ஆகியன.

2. மாடு குளிப்பாட்டும் தேங்காய்ப் பொச்சு, தூரிகை, உடம்பு துடைக்கும் சாக்கு.

3. மாடுகள் உடம்பை உரசும் தூண்கள், கொட்டிற் சுவர், தீனித் தொட்டியின் விளிம்பு, படலைக் கம்பு.

4. மாட்டைப் பராமரிப்பவரின் கையும் உடையும்.

வித்திகள் எவ்வளவு காலம் உயிருடன் இருக்கும் என்பதை அறிந்தால் இந்நோயின் இயல்பு தெளிவாகும். மாட்டுப் படர்தாமரையின் வித்திகள் உலர்ந்த பொருக்கினுள் 4 ஆண்டுகளுக்கு மேலும் அழியாதிருக்கக் கூடியன. ஈரமும் நிழலும் உள்ள மூலையில், வெயில் படாத தூணின் வெடிப்பில், பழைய கயிற்றின் புரியில் அவை உறங்கிக் கிடக்கும். ஒரு கன்று அத்தூணில் உரசித் தோல் சிறிது சிராய்ந்தால் அதுவே அவற்றிற்குப் போதுமானது. தொற்றிய நாளிலிருந்து ஏறக்குறைய 1 முதல் 4 கிழமைகளின் பின்னரே புண் வெளித் தெரியும். ஆகவே சந்தையில் வாங்கும்போது குற்றமற்றதாகத் தோன்றிய கன்று, வீட்டுக்கு வந்து இரண்டு கிழமைகளின் பின் நோயைக் காட்டுதல் வியப்பன்று.

தோட்ட நிலத்துக்கு எருவிடும் பொருட்டு மாட்டுப் பட்டியையோ ஆட்டுப் பட்டியையோ இரவில் வயலிலும் தோட்டத்திலும் அடைத்தல் நம்மவரின் பழைய நல்வழக்கம். பலருடைய மிருகங்கள் ஒரே பட்டியில் நெருங்கிப் படுக்கும்போது நோயுள்ள ஒரு மிருகம் முழுப் பட்டிக்கும் நோயைக் கொடுக்கக் கூடும். பட்டி கட்டுமுன் மிருகங்களின் முகத்தையும் கழுத்தையும் பார்த்துக் கொள்ளுதல் சிறிது நேர வேலையே.

நோய்க்கு இடங்கொடுக்கும் காரணங்கள்

ஒரே கொட்டிலிலுள்ள மிருகங்கள் யாவும் ஒரே அளவில் நோயுறுவதில்லை. ஓராண்டு நிரம்பாத கன்றுகளே பெரிதும் பீடிக்கப்படுகின்றன. ஒருமுறை நோய் வந்து மாறிய மாட்டின் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாவதால் அது மீண்டும் எளிதில் நோயுறுவதில்லை. பாற்குறைவு, பச்சைத் தீனியின்மை, குடற்புழு, உண்ணி, பேன் ஆகியவற்றால் மெலிந்த கன்று விரைவில் நோய்க்கு ஆளாகும். அதில் நோய் நெடுநாள் நிற்கும். இடநெருக்கம், ஈரத்தரை, வெயிலும் காற்றும் நுழையாத கொட்டில் ஆகிய மூன்றும் சேரும் இடத்திற் படர்தாமரை நிலைபெறும். மழைக்காலத்தில் நம் கொட்டில்களில் இவை மூன்றும் ஒன்றுசேர்வதே, மாரியின் இறுதியில் நோய் மிகுந்து காணப்படுவதன் காரணமாகும்.

நோய்க் குறிகள்

மாடும் எருமையும்: கன்றுகளிற் கண்ணைச் சுற்றிய இடம், செவி, முகவாய், கழுத்து ஆகிய பகுதிகளில் முதலிற் சிறு தடிப்புகள் எழும். அவற்றின் மேல் மயிர் கலைந்து நின்று பின்னர் முறிந்துவிடும். சில நாட்களில் வெண்சாம்பல் நிறமான தடித்த பொருக்கு மூடிக்கொள்ளும். சாந்து பூசி உலர்ந்தது போல அது தோலினின்றும் உயர்ந்து நிற்கும். பொருக்கைப் பெயர்த்தால் அடியில் ஈரமான செந்நிறத் தோல் காணப்படும். புண்கள் ஒரு சத அளவிலிருந்து உள்ளங்கை அளவு வரை விரியும். அயலிலுள்ளவை ஒன்றோடொன்று கூடவும் கூடும். பெரிய மாடுகளில் மார்பு, அலைதாடி, கால், மடியின் அயல் ஆகிய இடங்களிலும் தோன்றலாம். காய்ச்சல் இல்லை, தீனியிற் குறைவில்லை, அரிப்பு இல்லை அல்லது சொற்பமே உண்டு.

ஆடு: தலை, செவி, கழுத்து ஆகிய இடங்களில் மயிரற்ற, பொருக்கு மூடிய வட்டங்கள் தோன்றும்.

நாய்: முகம், செவி, முன்கால் ஆகியவற்றில் வட்டமாக மயிர் உதிர்ந்து, ஓரம் சிவந்து, செதில் எழும்.

பூனை: பூனைக்குட்டிகளில் மூக்கு, செவி, கால் ஆகிய இடங்களில் மயிர் ஐதாகிச் சாம்பல் நிறச் செதில் காணப்படும். பெரிய பூனைகள் வெளிக்குறி எதுவுமின்றியே வித்திகளை மயிரிற் சுமந்து திரியக் கூடும். வீட்டிற் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்துப் படர்தாமரை வந்து, காரணம் புலப்படாதிருந்தாற் பூனையை மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

கோழி: கொண்டையில் வெள்ளை மாப் பூசியது போன்ற படை தோன்றுமாயின் அதுவும் இவ்வகைப் பங்கசு நோயாக இருக்கலாம்.

வேறு நோய்களிலிருந்து பிரித்தறிதல்

தோலில் மயிர் உதிர்வதெல்லாம் படர்தாமரை அன்று. பிழையாக அறிந்து பிழையான மருந்தைப் பூசுவதாற் காலமும் பணமும் வீணாகும். பின்வருவனவற்றை அவதானிக்க.

சொறி: இது கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளால் உண்டாவது. மிருகம் ஓயாது உரசும், கடிக்கும், உதைக்கும். தோல் தடித்து மடிப்பு விழும். அரிப்பின் கடுமையே இதற்கும் படர்தாமரைக்கும் உள்ள முக்கிய வேறுபாடு.

மழைக்காலப் பொருக்கு நோய்: இது ஒருவகைப் பற்றீரியாவினால் வருவது. தொடர்ந்து மழையில் நனையும் மாடுகளில் முதுகின் மேல் மயிர்க் கற்றைகள் பொருக்கோடு ஒட்டித் தூரிகை போல எழுந்து வரும். இதற்குரிய மருந்து வேறு.

நாயுண்ணிச் செடி நஞ்சு: இச்செடியைத் தின்ற மாட்டின் ஈரல் பழுதுறுவதால், வெயில் படும்போது வெண்ணிறத் தோற்பகுதி வெந்து உரியும். மாடு நிழலை நாடும், கண் மஞ்சளிக்கும், தீனி எடாது. இது உடனே வைத்தியரை அழைக்க வேண்டிய நிலையாகும்.

தோற்கழலை நோய்: இந்நோய் 2020ஆம் ஆண்டில் நம் நாட்டின் வடபகுதி மாடுகளில் முதன்முதலிற் கண்டறியப்பட்டது. காய்ச்சலுடன் உடம்பு முழுவதும் உருண்டையான கட்டிகள் எழும். இது வைரசினால் வருவது. கட்டியும் காய்ச்சலும் ஒருங்கே காணப்படின் படர்தாமரை என்று எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. மாட்டை அப்புறப்படுத்தாது நின்ற இடத்திலேயே தனித்துக் கட்டி, மிருக வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

ஐயம் இருப்பின், மிருக வைத்தியர் புண்ணின் ஓரத்திலிருந்து முறிந்த மயிரையும் செதிலையும் எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்ப்பார். கமக்காரரே மாதிரியை எடுத்துச் செல்லுமாறு கேட்கப்பட்டால், புண்ணின் நடுவிலன்றி ஓரத்திலிருந்து எடுத்து, உலர்ந்த கடதாசி உறையில் இடுதல் வேண்டும். பொலித்தீன் பையில் இட்டால் ஈரம் கட்டி வேறு பூசணம் வளர்ந்துவிடும். மருந்து பூசிய பின் எடுக்கும் மாதிரியாற் பயன் குறைவு.

சிகிச்சை

தானே மாறும் நோய்க்கு மருந்து எதற்கு என்று கேட்கலாம். மருந்து பூசுவதாற் புண் ஆறும் காலம் சிறிது குறையலாம். ஆனால் அதனிலும் பெரிய பயன் வேறொன்று. மருந்து பூசாத கன்று 1 முதல் 4 மாதங்கள் வரை நாள்தோறும் வித்திகளைக் கொட்டிலிற் சிந்திக் கொண்டிருக்கும். அச்சிந்துதலை நிறுத்துவதே சிகிச்சையின் உண்மை நோக்கமாகும்.

முதலாவதாக, நோயுற்ற மிருகத்தைப் பிரித்துக் கட்டுக. வெயிலும் காற்றும் உள்ள இடம் சிறந்தது.

இரண்டாவதாக, பொருக்கை அகற்றுக. மருந்து பொருக்கின் மேற் பட்டால் உள்ளே செல்லாது. றப்பர்க் கையுறை அணிந்து, இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் கொண்டு பொருக்கை ஊறவைத்து, மழுங்கிய தகட்டினாலோ மரத்துண்டினாலோ மெல்லப் பெயர்த்தெடுக்க. இரத்தம் வரும்படி சுரண்டுதல் கூடாது. பெயர்த்த பொருக்கையும் மயிரையும் நிலத்தில் விழவிடாது பழைய கடதாசியில் ஏந்தி உடனே எரித்துவிடுக. பொருக்கை நிலத்திற் சிந்துபவர் அடுத்த ஆண்டுக்கு நோயை விதைப்பவராவார்.

மூன்றாவதாக, மருந்தைப் பூசுக. புண்ணின் மேல் மட்டுமன்றி, அதனைச் சூழ ஓர் அங்குலம் வரை நல்ல தோலிலும் பூசுதல் வேண்டும். பங்கசு படர்வது ஓரத்திலேயாகும். எளிதிற் கிடைக்கும் மருந்துகள் சில:

(அ) 2 வீத அயடீன் கரைசல். சில புண்களே உள்ளபோது நாள்தோறும் ஒருமுறை தடவலாம். கண்ணிற் படலாகாது.

(ஆ) கந்தகக் களிம்பு. கந்தகத் தூள் 1 பங்கும் வசிலின் 9 பங்கும் சேர்த்துக் குழைத்துப் பூசலாம்.

(இ) விற்பீல்டுக் களிம்பு. இது பென்சோயிக் அமிலமும் சலிசிலிக் அமிலமும் சேர்ந்த பழைய மருந்து. மருந்துக் கடைகளிற் கிடைக்கும்.

(ஈ) சுண்ணாம்புக் கந்தகக் கரைசல், 2 முதல் 5 வீதம். பல கன்றுகளில் நோய் பரவியிருப்பின் உடம்பு முழுவதும் நனையத் தெளிக்கலாம். முதல் 5 நாட்கள் நாள்தோறும், பின்னர் கிழமைக்கு ஒருமுறை தெளித்தல் வழக்கம்.

(உ) எனில்கொனசோல் போன்ற புதிய கழுவு மருந்துகள். இவற்றை மிருக வைத்தியர் கூறும் அளவில் மட்டும் உபயோகிக்க.

எந்த மருந்தாயினும் ஓரிரு நாட்கள் பூசி நிறுத்துதல் கூடாது. பொருக்கு நீங்கிப் புதுமயிர் அரும்பும் வரை விடாது செய்தல் வேண்டும். மடியிலோ முலைக்காம்பிலோ மருந்து பூசுமுன் வைத்தியரைக் கேட்டறிக. கறக்குமுன் நன்கு கழுவுக.

வாய்வழி மருந்து பற்றி ஒரு சொல். 1939ஆம் ஆண்டில் ஒருவகைப் பெனிசீலியப் பங்கசிலிருந்து கிரிசியோபல்வின் என்னும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை உண்ணக் கொடுத்துப் படர்தாமரையைக் குணமாக்கலாம் என்பது 1958ஆம் ஆண்டிற் பரிசோதனை மிருகங்களிற் காட்டப்பட்டது. பின்னர் கன்றுகளுக்கும் அது கொடுக்கப்பட்டது. ஆனால் அது கருவிலுள்ள குட்டிக்கு ஊனம் விளைவிக்கக் கூடியது. பாலும் இறைச்சியும் தரும் மிருகங்களுக்கு அதனைக் கொடுப்பதைப் பல நாடுகள் நிறுத்திவிட்டன. ஆகவே பழைய நூல்களிலோ பிறர் சொல்லிலோ கண்டு அதனை மாட்டுக்குக் கொடாதிருக்க. பூனைக்கும் நாய்க்கும் வாய்வழி மருந்து வேண்டுமாயின் எதனைக் கொடுப்பது என்பதை வைத்தியரே தீர்மானித்தல் வேண்டும்.

செய்யத்தகாதவை

1. பயிருக்குத் தெளிக்கும் பங்கசு நாசினியை மிருகத்திற் பூசுதல் கூடாது. இரண்டும் பங்கசே என்று எண்ணி இவ்வாறு செய்வோர் உளர். மாடு தன் உடம்பை நக்கும். கன்று தாயை நக்கும். பயிர் மருந்து இவ்வழியாக வயிற்றுக்கும் பாலுக்கும் செல்லும். பயிருக்கு உபயோகித்த தெளிகருவியைக் கழுவிவிட்டு மாட்டுக்கு உபயோகித்தலும் ஆபத்தானது; அதிற் களைநாசினி தங்கியிருக்கலாம்.

2. கழிவு இயந்திர எண்ணெய், மண்ணெண்ணெய், மின்கல அமிலம் ஆகியவற்றைப் பூசுதல் கூடாது. இவை தோலை வேகச் செய்து புண்ணைப் பெருக்கும்.

3. பூனையிற் பினைல், இலைசோல் போன்ற கிருமிநாசினிகள் படலாகாது. பூனை அதனை நக்கி இறக்கவும் கூடும்.

4. வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசும் வழக்கம் நம் நாட்டிற் பழமையானது. அவ்விலையிற் பங்கசை ஓரளவு அடக்கும் பொருள் உண்டு. ஓரிரு சிறு புண்களுக்கு அதனைப் பூசுவதிற் குற்றமில்லை. ஆனால் பொருக்கை அகற்றாமலும் கொட்டிலைச் சுத்தஞ் செய்யாமலும் அதனை மட்டும் நம்புதல் தகாது.

மனிதருக்குத் தொற்றுதல்

படர்தாமரை மிருகத்திலிருந்து மனிதருக்கு எளிதில் தொற்றும். இதுவே இந்நோயைப் புறக்கணிக்கலாகாமைக்குத் தலையாய காரணம். மாட்டிலிருந்து தொற்றுவது மனிதரிற் கடுமையான அழற்சியை உண்டாக்கும். பால் கறக்கும்போது பசுவின் விலாவில் நெற்றியைச் சாய்ப்பவருக்கு நெற்றியிலும், கன்றைப் பிடித்துக் கட்டுபவருக்கு முன்கையிலும் கழுத்திலும், ஆடவருக்குத் தாடியிலும் புண் தோன்றும்.

பிள்ளைகளின் தலையில் தொற்றுமாயின் மயிர் கொத்தாக உதிர்ந்து, சீழ் கசியும் வீக்கம் எழலாம். இதனைச் சாதாரண கட்டி என்று எண்ணிக் கீறுவோர் உளர், அது பிழை. காலந் தாழ்த்தினால் மயிர்வேர் அழிந்து, அவ்விடத்தில் வாழ்நாள் முழுவதும் மயிர் முளையாத தழும்பு நிலைத்துவிடக் கூடும். தலைத்தோலிற் பட்ட படர்தாமரைக்கு மேற்பூச்சு மட்டும் போதாது, உள்மருந்து வேண்டும். ஆகவே பிள்ளையை விரைவில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. “வீட்டிற் கன்றுக்குப் படர்தாமரை உண்டு” என்று வைத்தியரிடம் தவறாது கூறுக. அந்த ஒரு வார்த்தை நோயைச் சரியாக அறிய உதவும்.

வைத்தியர் கூறாமற் கடையில் வாங்கும் தோற் களிம்புகள் சிலவற்றில் ஸ்ரீரொயிட்டு வகை மருந்து கலந்திருக்கும். அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கி, நோய் மாறியது போலக் காட்டி, உள்ளே பங்கசை வளரச் செய்யும். அதனைத் தவிர்க்க.

கொட்டிலுக்குச் சிகிச்சை

ஒரு கமக்காரர் தம் கொட்டிலில் மூன்று கன்றுகளைக் கட்டியிருக்கின்றார் எனக் கொள்வோம். மார்கழியில் ஒன்றுக்குப் படர்தாமரை காண்கின்றது. அயடீன் பூசுகின்றார். மாசியில் அது மாறிவிட, மற்ற இரண்டிலும் தோன்றுகின்றது. அவையும் சித்திரையில் மாறுகின்றன. நோய் ஒழிந்தது என்று மகிழ்கின்றார். அடுத்த கார்த்திகையிற் புதிதாகப் பிறந்த கன்றை அதே தூணில், அதே கயிற்றாற் கட்டுகின்றார். தையில் அக்கன்றின் முகத்தில் வட்டம் தோன்றுகின்றது. அதன் பின் அவருடைய பிள்ளையின் தலையிலும் தோன்றுகின்றது. நோய் புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. அவர் கன்றுகளைக் குணப்படுத்தினார். தூணையும் கயிற்றையும் மறந்தார்.

ஆகவே நோய் கண்ட கொட்டிலைப் பின்வருமாறு சுத்தஞ் செய்க. கோடை வெயில் தொடங்கும் காலம் இதற்கு மிக உகந்தது.

1. மிருகங்கள் யாவற்றையும் வெளியே கட்டுக. படுக்கை வைக்கோலையும் குப்பையையும் அகற்றுக. அதனை நேரே மரக்கறிப் பாத்திகளுக்கு இடாது, எரிக்க. அல்லது கூட்டெருக் குவியலின் நடுவிற் புதைத்து, நன்கு சூடேறி மக்கவிடுக.

2. பழைய கயிறுகள், பொச்சு, சாக்கு ஆகியவற்றை எரிக்க. இவற்றின் விலை சொற்பம். இவற்றாற் பரவும் நோயின் விலை பெரிது.

3. மண் தரையாயின் மேல்மண்ணை 2 அல்லது 3 அங்குல ஆழத்துக்கு வெட்டியெடுத்துப் புதைத்துவிட்டுப் புதுமண் இட்டு இடித்து மட்டஞ் செய்க. சீமெந்துத் தரையாயின் சவர்க்கார நீர் விட்டுத் தேய்த்துக் கழுவுக.

4. தூண், சுவர், தீனித் தொட்டி, படலை ஆகியவற்றைச் சுரண்டிக் கழுவிய பின் வெளிற்றுந் தூட் கரைசலால் நனைக்க. 30 வீதக் குளோரீன் உள்ள புதிய தூளாயின் 10 இலீற்றர் நீருக்கு 170 கிராம் போதும். சாணமும் அழுக்கும் இருக்கும் இடத்தில் இக்கரைசல் வலியிழந்துவிடும். எனவே முதலிற் கழுவுதல் இன்றியமையாதது. கரைசலை அன்றன்றே ஆக்கி உபயோகிக்க. அமிலத்தோடோ வேறு கிருமிநாசினியோடோ கலவாதிருக்க, நச்சுவாயு எழும். மிருகத்தின் மேல் ஊற்றுதலும் கூடாது.

5. உலர்ந்த பின் சுவருக்கும் தூணுக்கும் சுண்ணாம்பு அடிக்க. வெள்ளையடித்தலால் மட்டும் வித்திகள் யாவும் அழிந்துவிடா. ஆயினும் வெடிப்புகள் மூடப்படுவதோடு கொட்டிலும் வெளிச்சம் பெறும்.

6. கூரையில் ஒரு பக்கத்தையேனும் திறந்து, காலை வெயில் தரையிற் படுமாறு செய்து, சில நாட்கள் கொட்டிலை வெறுமையாக விடுக.

7. எலி வளைகளை அடைத்து எலிகளை ஒழிக்க.

தடுப்பு முறைகள்

புதிதாக வாங்கிய மிருகத்தை 4 கிழமைகள் வேறாகக் கட்டிப் பார்த்த பின்னரே மந்தையிற் சேர்க்க. ஒவ்வொரு மாட்டுக்கும் தனிக் கயிறு வைத்திருக்க. கன்றுகளை இடநெருக்கமின்றிக் கட்டுக. மழைக்காலத்திலும் மழை விட்ட நேரத்தில் வெயிலில் உலாவ விடுக. குடற்புழுவுக்கும் உண்ணிக்கும் காலத்துக்குக் காலம் மருந்து கொடுக்க. கன்றின் பங்கான பாலை அதற்கே விடுக. அகத்தி, கிளிரிசீடியா ஆகிய பச்சையிலைத் தீனிகளை இயன்ற அளவு சேர்த்துக் கொடுக்க. தோலின் நலத்துக்கு வேண்டிய உயிர்ச்சத்து ஏ பச்சைத் தீனியிலிருந்தே மாட்டுக்குப் பெரிதும் கிடைக்கின்றது. நோயுள்ள மிருகத்தைக் கடைசியாகக் கவனித்து, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடையை மாற்றுக.

பிற நாடுகளில் தடுப்பு மருந்தும் உபயோகத்துக்கு வந்துள்ளது. சோவியத் நாட்டிற் சர்க்கிசோவ் என்பவரும் அவருடன் உழைத்தோரும் ஆக்கிய தடுப்பு மருந்து 1970களிலிருந்து கன்றுகளுக்கு ஏற்றப்பட்டு வந்தது. நோர்வே நாட்டில் அம்மருந்தை ஏற்றியதோடு கொட்டில்களையும் சுத்தஞ் செய்து நோயைப் பெரிதும் ஒடுக்கினர். தடுப்பு மருந்து உள்ள இடத்திலும் கொட்டிற் சுத்தம் கைவிடப்படவில்லை என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டியவை

1. படர்தாமரை ஒரு பங்கசு நோய். அரிப்பின்றி, வட்டமாக, வெண்சாம்பல் பொருக்குடன் தோன்றும்.

2. கன்றில் தானே மாறினும் கொட்டிலில் ஆண்டுக்கணக்கில் தங்கும்.

3. பொருக்கை அகற்றாது பூசும் மருந்தாற் பயனில்லை. அகற்றிய பொருக்கை எரிக்க.

4. பயிர் மருந்தை மிருகத்திற் பூசாதிருக்க.

5. பிள்ளையின் தலையிற் புண் கண்டாற் காலந் தாழ்த்தாது வைத்தியரிடம் காட்டுக.

6. கயிறு, தூண், தரை ஆகிய மூன்றையும் சுத்தஞ் செய்யும் வரை நோய் ஒழிந்ததாக எண்ணற்க.

விதை நெல்லைக் களைவிதை கலவாது தெரிந்தெடுத்து வைக்கும் கமக்காரருக்கு இந்நோயின் இயல்பு விளங்காததன்று. ஒருமுறை விழுந்த களைவிதை பல போகங்கள் மண்ணிற் கிடந்து முளைப்பது போலவே, ஒருமுறை சிந்திய வித்தியும் கொட்டிலிற் கிடந்து மீண்டும் தோன்றும். களையை விதையாகுமுன் பிடுங்குதல் போல, படர்தாமரையையும் பொருக்கு உதிருமுன் கவனித்தல் வேண்டும். ஐயங்கள் எழுமாயின் அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தில் ஆலோசனை பெறுக.